குளத்து நீர் எங்கே போகிறது: முட்டுக்காடு முதல் பீமவரம் வரை

முதல் நாள், முட்டுக்காடு

ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை அமைப்பின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் வளர்க்கப்பட்ட மீன், இறால், சிப்பி முதலியவற்றின் அளவு 9.44 கோடி டன். கடலிலும் ஆற்றிலும் பிடிக்கப்பட்டதை வளர்க்கப்பட்டது விஞ்சி, மொத்தத்தில் 51 சதவீதத்தை எட்டியது அந்த ஆண்டில்தான். தூண்டிலும் வலையும் இரண்டாம் இடத்துக்குப் போய்விட்ட இந்தக் காலத்தில், வளர்ப்பு மீன் உடம்புக்கு நல்லதா என்ற கேள்வியைப் பலரும் கேட்கிறார்கள். அந்த மீன் என்ன தின்கிறது, அது வாழ்ந்த நீர் எங்கே போகிறது என்ற கேள்விகளைக் கேட்பவர்கள் குறைவு. இவ்விரண்டையும் நேரில் பார்க்க வேண்டும் என்றுதான் சென்னையிலிருந்து தெற்கே வேதாரண்யம் வரையும், பிறகு வடக்கே கொல்லேரு ஏரிப் பகுதி வரையும் செல்லத் திட்டமிட்டேன்.

முதல் நிறுத்தம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் முட்டுக்காடு களநிலையம். கொடுவா மீனைப் பிடித்து வைத்து இனப்பெருக்கம் செய்யும் முறையில் இந்நிறுவனம் 1997-இலேயே வெற்றி கண்டது. கொடுவாக் குஞ்சுத் தொட்டியின் அருகே நின்றபோது ஒரு பணியாளர், துளைகள் உள்ள கூடையொன்றில் குஞ்சுகளை அள்ளி விட்டார். சிறியவை துளை வழியே நழுவி வெளியே போயின, பெரியவை கூடைக்குள் தங்கின. சில நாட்களுக்கு ஒருமுறை இப்படிப் பிரிக்காவிட்டால் பெரிய குஞ்சு சிறிய குஞ்சை விழுங்கிவிடும் என்றார். கொடுவா பிறவியிலேயே மாமிச உண்ணி.

அங்கிருந்துதான் தீவனத்தின் சிக்கல் தொடங்குகிறது. மாமிசம் உண்ணும் மீனையோ இறாலையோ வளர்க்க வேண்டுமானால் அதன் தீவனத்தில் மீன் தூளும் மீன் எண்ணெயும் சேர வேண்டும். அவை மத்தி போன்ற சிறு மீன்களிலிருந்தும், இழுவைப் படகுகளின் வலையில் சிக்கும் விலைபோகாத குஞ்சு மீன்களிலிருந்தும் வருகின்றன. கடலுக்கு ஓய்வு கொடுப்பதற்காகக் குளத்தில் வளர்க்கிறோம் என்ற வாதம் இந்த இடத்தில் பாதி வலுவிழந்து போகிறது. சோயாவும் பிற புரதங்களும் மீன் தூளின் பங்கை வெகுவாகக் குறைத்துவிட்டன என்பது உண்மையே. ஆனால் அந்தப் பங்கு முற்றிலும் மறைந்துவிடவில்லை. இதே வளாகத்தில் வளரும் பால்மீனும் மடவையும் பாசியையும் அடிமண்ணில் உள்ள மட்கையும் மேய்ந்தே பெரும்பாலும் வளரக்கூடியவை. சந்தையில் கொடுவாவுக்கு இருக்கும் மதிப்பு பால்மீனுக்கு இல்லாததால்தான் பண்ணைக்காரர்களின் கவனம் கொடுவாவின் பக்கம் போகிறது.

இரண்டாம் நாள், சீர்காழி வட்டாரம்

கொள்ளிடத்துக்குத் தெற்கே, கடலை நோக்கிப் போகும் கிளைச் சாலைகளில் திரும்பினால் வயல்கள் முடிந்து சதுரக் குளங்கள் தொடங்குகின்றன. கரைகளைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு நீலநிறப் பிளாஸ்டிக் தடுப்பு. நண்டு உள்ளே வரக்கூடாது என்பதற்காக. மேலே குறுக்கும் நெடுக்குமாக நைலான் கயிறுகள். நீர்க்காகமும் கொக்கும் இறங்கக்கூடாது என்பதற்காக. நண்டும் பறவையும் பக்கத்துக் குளத்தின் நோயைச் சுமந்து வரும் என்பதால் இந்த ஏற்பாடு. குளத்தின் நடுவே, நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரின் சக்கரங்கள் இரவும் பகலும் நீரை அடித்துக்கொண்டே இருக்கின்றன.

எனக்கு வழிகாட்டிய பண்ணைக்காரர் கரையிலிருந்து நீளும் மரப்பாலத்தில் நடந்து சென்று, நீருக்குள் தொங்கவிட்டிருந்த சோதனைத் தட்டை மெல்ல மேலே இழுத்தார். தட்டின் ஓரத்தில் ஐந்தாறு தீவனக் குருணைகள் தின்னப்படாமல் ஊறிக் கிடந்தன. நடுவே சில வன்னாமி இறால்கள் துள்ளின. ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். கண்ணாடி போன்ற முதுகின் ஊடே குடல் கருங்கோடாக ஓடிற்று. “குடல் இப்படி நெறஞ்சு இருந்தா நல்லாத் தின்னுதுன்னு அர்த்தம் சார். அங்கங்க விட்டு விட்டு இருந்தா அன்னைக்கு எனக்குத் தூக்கம் கிடையாது” என்றார். தட்டில் மிச்சம் இருந்ததால், அடுத்த வேளைத் தீவனத்தைக் குறைக்கச் சொல்லி ஆளுக்குக் குரல் கொடுத்தார்.

இந்தச் சிக்கனத்துக்கு அவருடைய பணப்பையைத் தாண்டியும் ஒரு பொருள் உண்டு. ஒரு கிலோ இறாலுக்கு ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரை கிலோ தீவனம் செலவாகிறது. தீவனத்தில் உள்ள நைட்ரஜனில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் இறாலின் உடம்பில் சேர்கிறது. மீதியெல்லாம் எச்சமாகவும் கரைந்த அம்மோனியாவாகவும் நீரிலும், கருஞ்சேறாக அடியிலும் தங்குகிறது. அறுவடையின்போது அந்த நீர் திறந்துவிடப்படும் இடம் உப்பனாறு. அடுத்த பண்ணைக்காரர் மோட்டார் வைத்து நீர் இறைப்பதும் அதே உப்பனாற்றிலிருந்துதான். ஊட்டச்சத்து மிகுந்த நீரில் பாசி பெருகி, பின்பு அது மடிந்து அழுகும்போது நீரின் ஆக்சிஜன் குறைந்துபோகிறது. ஓடையில் தூரி போட்டு மீன் பிடிக்கும் எளிய மனிதர்கள்தான் அதை முதலில் உணர்கிறார்கள்.

ஒரே ஓடை நீர் எடுக்கும் இடமாகவும் கழிவு விடும் இடமாகவும் இருப்பதன் விலையை இந்தக் கடற்கரை 1994-95-இல் கொடுத்தது. வெள்ளைப்புள்ளி நோய் எனப்படும் வைரஸ் நோய் அப்போது தாக்கி, கருவண்டு இறால் (புலி இறால்) குளங்களைச் சில நாட்களில் காலி செய்தது. நோய் கண்டவர்கள் அவசர அவசரமாக நீரைத் திறந்துவிட்டார்கள். அந்த நீரே அடுத்த குளத்துக்குப் போய்ச் சேர்ந்தது. 2009-இல், பசிபிக் பெருங்கடலின் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த வன்னாமி இறாலை வளர்க்க அரசு அனுமதித்த பிறகுதான் தொழில் மறுபடியும் பெருகியது. குறிப்பிட்ட நோய்க்கிருமிகள் இல்லையென உறுதி செய்யப்பட்ட தாய் இறால்கள் விமானத்தில் வந்து, சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் மையத்தில் தங்கிய பிறகே குஞ்சுப் பொரிப்பகங்களுக்குப் போகின்றன. வெள்ளைப்புள்ளி வைரஸ் மனிதரைத் தொற்றாது என்பதை இங்கே சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டே இறாலை ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாம் நாள், நாகப்பட்டினம் முதல் வேதாரண்யம் வரை

குளங்களுக்கு அப்பால் இருக்கும் ஊர்களுக்காகவே இந்த நாளை ஒதுக்கியிருந்தேன். ஒரு தெருவில் மூன்று கைப்பம்புகளைப் பார்த்தேன். ஒன்றில்கூடத் தண்ணீர் குடிக்கும் தரத்தில் இல்லை. ஒன்றில் அடித்துக் கையில் ஏந்தி நாக்கில் வைத்தபோது உப்பு கரித்தது. பாத்திரம் கழுவ மட்டும் அதைப் பயன்படுத்துவதாகச் சொன்ன ஒரு மூதாட்டி, “ஒலையில ஊத்துனா பருப்பு வேகாதுப்பா” என்றார். குடிநீர் குழாயிலோ லாரியிலோ வந்தால்தான் உண்டு.

இந்த உப்புக்கு இறால் குளங்கள் மட்டுமே காரணம் என்று எழுதுவது நேர்மையாகாது. காவிரியில் கடைமடைக்கு வரும் நீர் குறைந்ததும், நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததும், கடல்நீர் உள்ளேறுவதும் சேர்ந்தே டெல்டாவின் கடலோரத்தை இந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கின்றன. ஆயினும் நன்னீர் மண்ணின்மேல் உப்புநீரை மாதக்கணக்கில் தேக்கி வைத்தால் அது கீழேயும் பக்கவாட்டிலும் கசியும் என்பதில் ஐயமில்லை. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல், குடிநீர் ஆதாரத்திலிருந்து குறைந்தது 100 மீட்டர் தள்ளியே இறால் பண்ணை இருக்க வேண்டும் என்கிறது. மணற்பாங்கான நிலத்தில் நூறு மீட்டர் பெரிய தூரமன்று. வங்கதேசக் கடலோரத்தில் நடந்த ஆய்வுகள், உப்பேறிய குடிநீருக்கும் கர்ப்பிணிப் பெண்களின் உயர் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருப்பதைக் காட்டியுள்ளன. இறாலை வாயில் வைக்காதவரையும் இறால் வளர்ப்பு நோயாளியாக்கக்கூடிய வழி இது.

இந்த மாவட்டத்திலிருந்துதான் அந்தப் பெரிய வழக்கும் புறப்பட்டது. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் 1994-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கில், நீதிபதிகள் குல்தீப் சிங், எஸ். சாகிர் அகமது ஆகியோர் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தார்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் மரபுவழிப் பண்ணைகளும் மேம்படுத்தப்பட்ட மரபுவழிப் பண்ணைகளும் தவிர மற்ற இறால் குளங்கள் 1997 மார்ச் 31-க்குள் அகற்றப்பட வேண்டும் என்பது அதன் சாரம். ஜெகந்நாதனும் அவர் மனைவி கிருஷ்ணம்மாளும் தலித் பெண்களுக்கு நிலம் பெற்றுத்தரப் பாடுபட்டவர்கள் என்பதை நினைத்தால், அவர்கள் ஏன் இறால் பக்கம் திரும்பினார்கள் என்பது விளங்கும். நெல்வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுவடைக்கும் ஆட்கள் தேவை. அதே நிலம் குளமானால் ஓரிரு காவலாளிகளும் தீவனம் போடுபவரும் போதும். கூலியை இழந்த வீட்டில் அடுத்துக் குறைவது சாப்பாடு. ஆகவே இதையும் உடல்நலக் கணக்கிலேயே சேர்க்கிறேன்.

தீர்ப்பு முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டத்தை இயற்றி, பதிவு செய்த பண்ணைகளுக்கு வழிவிட்டது. 2023-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. வன்னாமிக் குளங்களில் சதுர மீட்டருக்கு 60 குஞ்சுகளுக்கு மேல் விடக்கூடாது, கழிவுநீரைத் தேக்கித் தெளியவைத்தே வெளியேற்ற வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் ஏட்டில் இருக்கின்றன. நான் கடந்து வந்த பாதையில் தெளிவுக் குளம் என்று காட்டப்பட்ட இரண்டில் ஒன்றில் நாணல் வளர்ந்திருந்தது. மற்றொன்றில் இறால் வளர்ந்துகொண்டிருந்தது.

நான்காம் நாள், முத்துப்பேட்டை

காலையில் படகில் அலையாத்திக் காட்டைச் சுற்றி வந்ததைத் தவிர இன்று வேறு வேலை இல்லை. இங்கே கோரையாறு, பாமணியாறு முதலிய காவிரியின் கிளைகள் உப்பங்கழியில் கலக்கின்றன. சுற்றிலுமுள்ள பண்ணைகளின் நீரும் அவற்றோடு வருகிறது. அலையாத்தி வேர்கள் ஓரளவு வரை அந்தச் சத்தை உறிஞ்சிக்கொள்ளும். காட்டை அழித்துக் குளம் வெட்டிய நாடுகளில், தாய்லாந்தும் பிலிப்பைன்ஸும் உட்பட, கழிவை வடிகட்டும் அமைப்பையே வெட்டிப் போட்டுவிட்டு அதன் மேல் கழிவை உண்டாக்கும் தொழிலை நிறுவினார்கள். பிச்சாவரம் பகுதியில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் குளத்துக்குள்ளேயே அலையாத்தி நட்டு, மீனும் இறாலும் வளர்க்கும் மாதிரியைச் செய்து காட்டியிருக்கிறது. நீர்ப்பரப்பில் ஒரு பகுதியை மரத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டியிருப்பதால் பெரிய முதலீட்டாளர்களை அது ஈர்க்கவில்லை.

ஐந்தாம் நாள், ஒரத்தநாடு பக்கம்

உப்பை விட்டு நன்னீருக்கு வந்தாயிற்று. இங்கே பண்ணைக்குட்டைகளில் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் சேர்த்து விடுகிறார்கள். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுவிலும், மிர்கால் அடியிலும் மேய்வதால் ஒன்றின் பங்கை மற்றொன்று பறிப்பதில்லை. சாணமும் தவிடும் பிண்ணாக்கும்தான் பெரும்பகுதித் தீனி. மீன் தூள் தேவையில்லை. கோடையில் குட்டை வற்றியதும் அடிச்சேற்றை வாரி வயலுக்குப் போடுகிறார்கள். சீர்காழியில் உப்பனாற்றைக் கெடுத்த அதே நைட்ரஜன் இங்கே நெல்லுக்கு உரமாகிறது. இந்தப் பயணத்தில் நான் பார்த்தவற்றில் மனதுக்கு உகந்த ஏற்பாடு இதுவே என்று சொல்லத் தயக்கமில்லை.

ஊட்டத்தைப் பொறுத்தவரையிலும் இந்த மீன்களைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. நல்ல புரதமும் பி12 வைட்டமினும் இவற்றில் உண்டு. குறுகிய காலத்தில் வளர்ந்து அறுவடையாவதாலும், உணவுச் சங்கிலியில் கீழே இருப்பதாலும், நெடுங்காலம் வாழும் சுறா, சூரை போன்றவற்றில் சேரும் அளவுக்கு இவற்றில் பாதரசம் சேர்வதில்லை. ஒமேகா-3 கொழுப்பு மட்டும் மத்தி, அயிலை அளவுக்கு இருக்காது. பாசியில் உருவாகிச் சிறு கடல்மீன் வழியே வரும் சத்து அது, தவிடு தின்னும் மீனுக்கு அதே அளவில் கிடைக்க வழியில்லை.

பேச்சுவாக்கில் ஆப்பிரிக்கக் கெளுத்தியைப் பற்றிக் கேட்டேன். இந்தியாவில் அதை வளர்க்கத் தடை இருக்கிறது. ஆனாலும் ஒதுக்குப்புறங்களில் வளர்க்கப்படுவதையும், அதிகாரிகள் குளங்களை அழிப்பதையும் செய்தித்தாள்களில் படிக்கிறோம். காற்றை நேரடியாகச் சுவாசிக்கக்கூடியது என்பதால் சாக்கடை போன்ற நீரிலும் அது பிழைக்கும். கோழிக்கழிவைப் போட்டே வளர்த்துவிடலாம். வெள்ளத்தில் தப்பி ஆற்றுக்குள் போனால் நாட்டு மீன்களின் குஞ்சுகளை அது விட்டுவைக்காது. குட்டைக்காரர் அதற்குப் பதில் சொல்லாமல், “நம்ம ஊர் ஏரியில இருந்த விரால் எங்க போச்சுன்னு நெனக்கிறீங்க தம்பி?” என்று திருப்பிக் கேட்டார்.

ஆறாம் நாள், கொல்லேரு

சென்னை வழியாக ரயிலில் ஏலூரு வந்து, அங்கிருந்து கைகலூரு போகும் பேருந்தில் ஏறினேன். கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக்களுக்கு இடையே பள்ளத்தில் கிடக்கும் கொல்லேரு, இந்தியாவின் பெரிய நன்னீர் ஏரிகளில் ஒன்று. 1999-இல் வனவிலங்குச் சரணாலயமாகவும் 2002-இல் ராம்சர் தலமாகவும் (உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம்) அறிவிக்கப்பட்டது. 308 சதுர கிலோமீட்டர் கொண்ட அந்தச் சரணாலய எல்லைக்குள்ளேயே மீன்குளங்கள் ஏரியை விழுங்கிவிட்டன. உச்ச நீதிமன்றத்தின் தலையீட்டுக்குப் பிறகு 2006-இல் ஆந்திர அரசு அக்குளங்களின் கரைகளை இயந்திரம் கொண்டு உடைத்தது. எல்லைக்கு வெளியே குளங்கள் தொடுவானம் வரை தொடர்கின்றன. உள்ளேயும் பல திரும்பிவிட்டன என்பது சாலையிலிருந்தே தெரிகிறது.

ஒரு குளத்தில் தீனி வைப்பதைப் பார்த்தேன். தவிடு நிரப்பிய பிளாஸ்டிக் சாக்குகளின் அடிப்பக்கத்தில் விரல் நுழையும் அளவில் துளைகள் போட்டு, குளத்தில் நட்ட கம்புகளில் வரிசையாகக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். சாக்கின் அடி நீருக்குள் இருக்கிறது. சிறிது நேரத்தில் ரோகுகள் வந்து துளையை முட்டி முட்டி உறிஞ்ச, சாக்குகள் தாமாகவே ஆடத் தொடங்குகின்றன. தவிடு நீரில் கரைந்து வீணாவதை இது வெகுவாகக் குறைக்கிறது. உள்ளூர் அறிவு என்று சொல்லத்தக்க நேர்த்தியான முறை.

அதே குளத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஒரு ரோகுவின் செதிலோரத்தில் ஒட்டியிருந்த, தட்டையான, கண்ணாடி நிறப் பேனைக் கூலியாள் நகத்தால் பெயர்த்துக் காட்டினார். நெருக்கமாக வளர்க்கும் இடத்தில் மீன்பேன் தவிர்க்க முடியாத தொல்லை. அதற்குப் பருத்தி வயலில் அடிக்கும் வகையைச் சேர்ந்த பூச்சிமருந்தைக் குளத்தில் கலக்கும் வழக்கம் இருக்கிறது. மீன் சாகாத அளவு, நண்டும் நீர்ப்பூச்சியும் சாகும் அளவு. கையுறையின்றி அந்த மருந்தைக் கரைப்பவரின் தோலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சேற்றில் நின்று வேலை செய்யும்போது மீன்முள் குத்திய காயத்தில் நீர்க் கிருமிகள் ஏறிப் பழுத்துப்போவதும் இந்தத் தொழிலாளர்களுக்குப் பழகிப்போன வேதனை. கொல்லேருவின் நீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் ஒரே வடிகால் உப்புட்டேரு. இத்தனை குளங்களும் கழுவி விடும் அனைத்தும் அந்த ஒற்றை வாய்க்காலில்தான் இறங்க வேண்டும்.

ஏழாம் நாள், பீமவரம்

இந்தியாவின் இறால் தலைநகரம் என்று பீமவரத்தைச் சொல்லலாம். மருந்துக் கடைகளைவிட இறால் மருந்துக் கடைகள் அதிகமோ என்று ஐயுறும்படி கடைவீதி இருக்கிறது. நுண்ணுயிர்ப் பொடிகள், கனிமக் கலவைகள், வைட்டமின்கள் என்று அடுக்கடுக்கான டப்பாக்கள். ஆன்டிபயாடிக் மருந்துகளைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் இறந்தகாலத்தில் பேசுகிறார்கள்.

அப்படிப் பேசக் காரணம் ஏற்றுமதி. குளோராம்பெனிக்கால், நைட்ரோபியூரான் ஆகியவை உணவுக்கான உயிரினங்களில் தடை செய்யப்பட்டவை. முன்னது அரிதாக எலும்பு மஜ்ஜையையே செயலிழக்கச் செய்யும். பின்னது விட்டுச்செல்லும் எச்சங்கள் புற்றுநோய் அச்சம் உடையவை, தசைப்புரதத்தோடு பிணைந்துவிடுவதால் வேகவைத்தாலும் போகாதவை. ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் இந்திய வளர்ப்புச் சரக்குகளில் சோதனைக்கு எடுக்கும் பங்கை 10 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தியது. ஐரோப்பா போகும் இறால், குளத்தில் இருக்கும்போதே கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையத்தின் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டுச் சான்று பெறுகிறது. உள்ளூர்ச் சந்தைக்குப் போகும் கட்லாவுக்கு இத்தனை கெடுபிடி கிடையாது. சட்டத்தில் வரம்புகள் இருந்தாலும் லாரி ஏறும் முன் சான்று கேட்பவர் இல்லை.

எச்சத்தைவிட எனக்குக் கவலை தருவது, கிருமிகள் மருந்துக்கு எதிராகப் பெறும் எதிர்ப்புத்திறன். குளத்தில் மருந்து கலந்தால் பெரும்பகுதி மீனுக்குள் போவதில்லை. சேற்றில் தங்கி, அங்குள்ள பாக்டீரியாக்களில் மருந்துக்கு அடங்காதவற்றைத் தேர்ந்தெடுக்கிறது. அவை தம் எதிர்ப்பு மரபணுக்களை மனிதக் கிருமிகளுக்கும் கடத்தக்கூடியவை. சமைத்தால் கிருமி சாகும். மீன் கழுவிய கையும், குளத்து நீர் கலந்த வாய்க்காலும் சமைக்கப்படுவதில்லை. நார்வேயின் சால்மன் பண்ணைகள் 1980-களின் இறுதியில் பெருமளவில் மருந்தை நம்பியிருந்து, தடுப்பூசி வந்த பிறகு உற்பத்தி பல மடங்கு பெருகியும் ஆன்டிபயாடிக்கை ஏறக்குறைய கைவிட்டன. சால்மனுக்கு ஊசி போடலாம். இறாலின் உடம்பில் தடுப்பூசிக்கு வேலை செய்யும் நோயெதிர்ப்பு நினைவு நம்மைப் போல் அமையவில்லை. இறாலுக்கு உள்ள வழி, நெருக்கத்தைக் குறைப்பதும் நீரைச் சுத்தமாக வைப்பதும்தான்.

மாலையில் ஒரு கிராமத்துக் குடிநீர்க் குளத்தைப் பார்க்கப் போனேன். நிலத்தடி நீர் உப்பாக இருப்பதால் கோதாவரிக் கால்வாய் நீரை இப்படித் தேக்கிவைத்தே இப்பகுதி ஊர்கள் கோடையைக் கடக்கின்றன. கால்வாயும் வடிகாலும் சந்திக்கும் இடங்களில் இறால் குளத்து நீர் உள்ளே கலக்கிறது என்பது ஊர்க்காரர்களின் நீண்டகாலப் புகார். அருகிலுள்ள துந்துர்ருவில் 2016-இல் இறால் பதப்படுத்தும் வளாகம் ஒன்றை எதிர்த்துப் பெண்கள் உட்படத் திரளாகப் போராடியதும் வடிகாலில் கழிவு சேரும் என்ற அச்சத்தால்தான். என்னை அழைத்துச் சென்ற பண்ணைக்காரருக்கு ஆறு குளங்கள். அவர் வீட்டிலும் குடிப்பதற்கு 20 லிட்டர் கேன்தான்.

தெளிவுக் குளத்துக்கு நிலம் ஒதுக்கலாமே என்றேன். ஒதுக்கத் தயார் என்றும், அதே வடிகாலில் மேலே இருக்கும் அறுபது பேரும் ஒதுக்காவிட்டால் தமக்கு வந்து சேரும் நீரில் எந்த மாற்றமும் இராது என்றும் சொன்னார். அவர் சொன்னது நியாயம். உரிமம் குளம் குளமாகத் தரப்படுகிறது. வடிகாலோ எல்லாருக்கும் பொது. ஒரு வடிகால் எவ்வளவு கழிவைச் செரிக்கும் என்று முதலில் அளந்து, அந்த அளவுக்குள் அடங்கும் குளங்களுக்கு மட்டும் உரிமம் தந்து, வடிகாலின் முடிவில் பொதுச் சுத்திகரிப்பு அமைத்து, அதன் செலவை ஏக்கர் கணக்கில் பண்ணைகளிடம் வாங்குவது ஒன்றே நடக்கக்கூடிய ஏற்பாடாக எனக்குப் படுகிறது. இறாலுக்கு எடுக்கும் அதே சோதனையை அந்தக் குடிநீர்க் குளத்துக்கும் ஆண்டுக்கு இருமுறை எடுத்து, முடிவை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று நான் சொன்னபோது, பண்ணைக்காரர் அந்தச் செலவையும் ஏக்கர் கணக்கில் சேர்த்துவிடலாம் என்றார்.